பதினொரு நிமிடம்

ஓல்டனில் அன்று பழைய தாள் எடுக்கும் நாள்.
சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி
வாசலில் அடுக்கியிருந்தோம்
ஆறு வீட்டாரின் ஒரு மாதச் செய்திகளை.

இரவெல்லாம் ரயில் பெட்டி கழுவிவிட்டு
நிமலரூபன் திரும்பும்போது விடிய ஐந்து மணி.
ஆரே ஆற்றின் மூடுபனி என்றுதான் முதலில் நினைத்தாராம்.
பனிக்கு ஏது மணம் என்று பிறகு நின்றிருக்கிறார்.
வாக்கெடுப்பு முடிவு, ஐஸ் ஹாக்கி,
தள்ளுபடி விலையில் சறுக்குக் காலணி,
எல்லாம் ஓரம் சிவந்து சுருண்டுகொண்டிருந்தன.
தீயணைப்புக்கு அழைத்தார்.
வந்தவர்களிடம் தன் பெயரை
எழுத்து எழுத்தாகச் சொன்னார்.
சப்பாத்தைக் கழற்றாமலே படுத்துவிட்டார்.

ஆறு பன்னிரண்டு.
உள்ளூர் நாளிதழின் இணையத்தில் ஒரு பத்தி.
'நாற்பத்து மூன்று வயது இலங்கையர் ஒருவர்' என்று தொடங்கியது.
இந்த நாட்டில் பெயர் போட மாட்டார்கள், அது மரியாதை.
எங்கள் தெருவில் அந்த வயதில்
வேறு இலங்கையர் கிடையாது, அது கணக்கு.

தீயை அறிவித்தார் என்பதற்கும்
தீயை மூட்டினார் என்பதற்கும்
அவர்கள் மொழியில் தலை ஒன்று, வால்தான் வேறு.
தூக்கம் தெளியாத யாரோ
வாலை மாற்றி ஒட்டிவிட்டார்.

ஆறு இருபத்து மூன்றுக்குச் சரியாகிவிட்டது.
'புதுப்பிக்கப்பட்டது' என்று
சாம்பல் நிறத்தில் ஒரு சொல், அவ்வளவுதான்.

பதினொரு நிமிடம். முட்டை அவிகிற நேரம்.
அதற்குள் சூரிச்சில் ஒருவர் திரையைப் படம் பிடித்தார்.
பாரிஸில் அது தமிழாயிற்று.
நள்ளிரவு தாண்டிய டொரன்டோவில்
படுக்கப் போனவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.
மத்தியானத்துக்குள் கைதானார்.
பின்னேரத்துக்குள் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள்
(இருப்பது ஒன்று).
யாரோ ஒருவரின் மொட்டைத்தலைப் படமும்
எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது.
இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்தேன்.
ஒரு பெண், இளம் குரல்.
பின்னணியில் வேறு மனிதச் சத்தம் இல்லை.
'பாருங்கள், அங்கே இப்போது தவறு எதுவும் இல்லையே.'
பார்த்தேன். இல்லைத்தான்.
இல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது?
அவள் உண்மையாகவே யோசித்தாள், அது கேட்டது.
'நாளை அச்சில் மூன்று வரி இடம் இருக்கிறது' என்றாள் கடைசியில்.

மறுநாள், இரண்டாம் பக்கம்,
வானிலைப் படத்துக்குக் கீழே,
அச்சு செய்யாத பிழைக்கு
அச்சு வருந்தியது.

கீழ்வீட்டு ஆம்ஸ்லர் அம்மா
விரல் நனைத்துத்தான் உலகத்தைப் புரட்டுவார்.
தாளோடு படியேறி வந்து கதவைத் தட்டினார்:
'ஐயோ, உங்களைப் பற்றி அப்படியா சொன்னார்கள்?'
அந்த நிமிடம்வரை
அவருக்கு ஒன்றுமே தெரியாது.

அவர்தான் அந்த மூன்று வரியைக் கத்தரித்து
சலவை அறைக் கதவில் ஒட்டினார்,
யாருக்கு எந்தக் கிழமை என்ற அட்டவணைக்குப் பக்கத்தில்.
செவ்வாய் எங்களுடையது.
தீயை வைத்தது யார் என்று
இன்றுவரை எந்தப் பதிப்பிலும் இல்லை.

ஒட்டியதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன்.
இரண்டு கட்டைவிரல். ஒரு பூங்கொத்து.
'டொச்சு விளங்கேல்லை, தமிழில போடுங்கோ.'
தமிழில் போடுவதற்குள்
யாருக்கோ பிறந்தநாள், கேக் வந்து மூடிவிட்டது.

பங்குனி மாதம், வவுனியாவிலிருந்து மாமி,
ஒரு கும்பிடும் கையோடு:
'பிள்ளை, நிமலன் எப்ப வெளியில வந்தவர்?'

தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன்:
'நேற்று இரவு ஒன்பதரைக்கு, மாமி.
வேலைக்கு.
சாப்பாட்டுப் பெட்டியை மறந்துபோட்டுப் போட்டார்.'